எந்த மூன்று மணி? வேலூரில் வாங்கிய முரட்டுக் கடிகாரமும் ஏலகிரி ஏற்றமும்

போன அக்டோபரில் தொடர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நான் வீட்டில் தங்கவில்லை. முதல் ஞாயிறு வேலூருக்குப் போய் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். அடுத்த ஞாயிறு அதைக் கட்டிக்கொண்டு ஏலகிரியில் சுவாமிமலை ஏறினேன். மழைக்கும் மலைக்கும் தாங்குகிற டிஜிட்டல் வாட்ச் எது, ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் ஏலகிரி போய்வர எவ்வளவு ஆகும் என்று தேடி இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு இரண்டுக்கும் பதில் உண்டு. நடுவில் என் வீட்டுக் கதையும் வரும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் அதைத் தாண்டினால், இருக்கிற வாட்சை விட்டு எதற்கு இன்னொன்று வாங்கினாள் இவள் என்று தோன்றும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். பெயர் மேரி. என் கணவர் தேவாவும் அதே கம்பெனியில்தான் இருந்தார், இரண்டு வருடம் முன்பு வரை. பிறகு எத்தியோப்பியாவில் ஒரு ஷூ கம்பெனியில் டெக்னீஷியன் வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் ஊரில் இப்படிப் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள், அதிசயம் ஒன்றுமில்லை. வருடத்துக்கு இருபது நாள் லீவு. ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. முடிந்ததும் ஊர் திரும்பலாம், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம். "நீ சொல்றதுதான் மேரி. வான்னா வர்றேன்" என்று முடிவை என் தலையில் வைத்துவிட்டார்.

எனக்கு அவர் வரவேண்டும். இதை யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லத்தான் இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு அறை. அவர் கூப்பிட்டால் போன் முதலில் அத்தை கைக்குப் போகும், பிறகு ஸ்பீக்கரில் கூடத்து நடுவே உட்காரும். அத்தை கெட்டவர் இல்லை. இந்த வயதில் பிள்ளை நாலு காசு பார்க்கட்டும் என்று நினைக்கிறார், எந்த அம்மாவும் நினைப்பதுதான். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "எனக்கு என் புருஷன் வேணும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடமாக "நல்லாருக்கோம், சாப்ட்டீங்களா" என்பதோடு என் பேச்சு முடிந்துபோகிறது.

தேவாவுக்கு இது தெரியும். அதனால் அவரே ஒரு வழி சொல்லி குரல் பதிவு அனுப்பினார். அவர் தங்கியிருக்கும் விடுதியில் நெட் கிடையாது, வேலை நாளில் கம்பெனியில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸை ஒரு மணி நேரம் மட்டும் திறப்பார்கள், எப்போது என்பது வாரத்துக்கு வாரம் மாறும், அப்போதுதான் வைஃபை. அவர் சொன்ன ஞாயிறு ஒப்பந்தப் பேப்பரும் அங்கே மேசைமேல் இருக்கும், ஆபீஸ் மூடுவதற்குள் போடுகிறவர்கள் போட்டுவிட வேண்டும். "அடுத்த ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. மூணு மணிக்குக் கூப்பிடறேன். வீட்ல இருக்காத, சாமிமலைக்குப் போய்டு. அங்க யாரு கேக்கப் போறா? மனசுல இருக்கறத சொல்லு" என்றார். அவர் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் நாங்கள் இருவரும் ஏறிய மலை அது.

மூன்று மணி என்றால் ஆம்பூர் மூன்று மணி. இது எங்களுக்குள் முதல் நாளிலிருந்தே உள்ள ஏற்பாடு. எந்த நேரம் சொன்னாலும் நம் ஊர் நேரத்தில்தான் சொல்வது, கணக்குப் போடுகிற வேலை அவருடையது. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் தவறியதில்லை.

இனி கடிகாரம். என் போனில் சார்ஜ் அரை நாள்தான் நிற்கும். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பழைய வாட்ச் தோல் பட்டை வைத்தது, ஒரு மழையில் நனைந்து கண்ணாடிக்குள் ஆவி கட்டிவிட்டது. ஆகவே வேலைக்கும் ஆகவேண்டும், மலைக்கும் ஆகவேண்டும், கூடவே அவர் ஊர் நேரமும் தெரியவேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு காலை 9.20-க்கு ஆம்பூரில் பஸ் ஏறினேன். வேலூர் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய், 10.40-க்குப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து லாங்கு பஜார் பக்கம் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

பஸ் ஸ்டாண்ட் வாசலிலேயே 350 ரூபாய்க்கு முரட்டு வாட்ச் தொங்கும். பார்க்க ராணுவக்காரர் கட்டுவது போலவே இருக்கும். கையில் எடுத்துப் பட்டனை அமுக்கிப் பாருங்கள், பஞ்சுபோல உள்ளே போய் அங்கேயே நின்றுவிடும். திரும்ப வெளியே வராத பட்டன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். அதைத் தாண்டி நடங்கள்.

மூன்று கடை ஏறி இறங்கி நான்காவதில் உட்கார்ந்தேன். கடைக்கார பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு நல்ல தோல் பட்டை வாட்சாக எடுத்துப் போட்டார். ரப்பர் மாதிரிப் பட்டைதான் வேண்டும் என்றேன்.

"இன்னாமா, ஆம்பூர்ல இருந்துக்கினு தோலு வேணாம்ன்ற?"

"ஆம்பூர்ல இருக்கறதாலதான் பாய் வேணாம்ன்றேன்."

அவர் சிரித்துவிட்டார். தோல் எத்தனை நல்லதாக இருந்தாலும் தினமும் வியர்வை குடித்தால் விறைக்கும், பிறகு ஓட்டை போட்ட இடத்தில் வெடிக்கும். இது எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், விற்கும்போது மட்டும் சொல்ல மாட்டோம். வெயிலில் நடக்கிறவர்களுக்கும் மலை ஏறுகிறவர்களுக்கும் செயற்கைப் பட்டைதான் சரி. கழுவி உதறினால் காய்ந்துவிடும்.

பாய் மூன்று வாட்சை வரிசையாக வைத்தார். 1,195 ரூபாய் வாட்சில் தண்ணீர் தாங்கும் அளவு முப்பது மீட்டர் என்று போட்டிருந்தது. இதை நம்பி யாரும் முப்பது மீட்டர் ஆழத்தில் குதித்துவிடாதீர்கள். கை கழுவலாம், தூறலில் நனையலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். குளிக்க, நீந்த, கொட்டும் மழையில் நடக்க நூறு மீட்டராவது போட்டிருக்கவேண்டும். 7,995 ரூபாய் வாட்சில் திசை காட்டும் கருவியும் மலை உயரம் சொல்லும் கருவியும் இருந்தன. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பாயே வேண்டாம் என்றார். "மலை எவ்ளோ ஒசரம்னு அது சொல்லும். ஏறினா நம்ம முட்டியே சொல்லிடுமேமா." இப்படி ஒரு வியாபாரியை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

நடுவில் இருந்தது 2,895. இருநூறு மீட்டர், பத்து வருட பேட்டரி, இருட்டில் எழுத்து மட்டுமல்லாமல் முகம் முழுக்க வெளிச்சம், இரண்டு ஊர் நேரம். கண்ணாடி பிளாஸ்டிக்கா, நிஜக் கண்ணாடியா என்று கேட்டேன். எங்கள் பிரிவில் ஒட்டுவதற்கு வைத்திருக்கும் சொல்யூஷன் ஒரு சொட்டு பட்டாலும் பிளாஸ்டிக் மங்கிப்போகும். நிஜக் கண்ணாடிதான் என்றார். அதே வாட்ச் கறுப்புத் திரையிலும் இருந்தது, பார்க்க அம்சம். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் காட்டினேன், ஒரு எழுத்து தெரியவில்லை. வெள்ளைத் திரையே எடுத்தேன். நீங்களும் கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து மயங்காமல், வாசலுக்கு வந்து பாருங்கள்.

"ரெண்டாவது டைம் எந்த ஊருக்கு வைக்கணும்?" என்றார் பாய்.

"எத்தியோப்பியா. நம்மள விட ரெண்டரை மணி நேரம் கம்மி."

"யாருமா அங்க?"

"வீட்டுக்காரரு."

அவர் தலை நிமிராமல் பட்டனை அமுக்கி அமுக்கி நேரம் வைத்தார். பேரம் 2,750-இல் நின்றிருந்தது. "இன்னும் நூறு கம்மி பண்ணிக்கம்மா" என்று அவராகவே சொன்னார். 2,650 கொடுத்து வாங்கிக்கொண்டு, மறுபடி 45 ரூபாய் டிக்கெட்டில் சாயங்காலம் நாலரைக்கு ஆம்பூர் வந்தேன்.

அந்த வாரம் முழுக்க நான் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய எழுத்தில் என் நேரம், அதன் கீழே பொடி எழுத்தில் அவர் நேரம். காலை பத்தரைக்கு எங்களுக்கு டீ வரும்போது அங்கே எட்டு. கம்பெனி வண்டியிலிருந்து இறங்கியிருப்பார். எங்களுக்கு சாப்பாட்டு மணி அடிக்கும்போது அவருக்குப் பத்து. நான் வீடு திரும்பும்போது அவர் இன்னும் மிஷின் பக்கத்தில் நிற்பார். பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து வாங்கியது, ஏக்கத்தைத்தான் கூட்டியது. இரண்டரை மணி நேரம் என்பது வேலூர் போய்த் திரும்புகிற நேரம்தான். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற மாதிரி காட்டுவதால்தான் ஆற்றாமை ஜாஸ்தி ஆகிறது.

இரண்டாவது ஞாயிறு. கம்பெனிப் பெண்களோடு போகிறேன் என்று அத்தையிடம் ஒரு பொய் சொல்லி, சர்ச்சுக்கும் மட்டம் போட்டு, காலை 6.10-க்குத் திருப்பத்தூர் பஸ் ஏறினேன். வாணியம்பாடி வழியாக நாற்பது கிலோமீட்டர், 38 ரூபாய், 7.25-க்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே 7.45-க்கு ஏலகிரி பஸ், 30 ரூபாய். ஜோலார்பேட்டை தாண்டிப் பொன்னேரியில் மலைப்பாதை ஆரம்பம். பதினான்கு வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். 9 மணிக்கு மேலே அத்தனாவூரில் இறங்கி இட்லி, வடை, டீ என்று 70 ரூபாய்க்குச் சாப்பிட்டேன்.

சுவாமிமலை ஏற்றம் மங்களம் கிராமத்திலிருந்து. ஆட்டோவுக்கு 150 ரூபாய். ஓட்டி வந்த அண்ணனுக்கு என்னைத் தனியாக இறக்கிவிட மனமில்லை.

"தனியாவா மேடம் ஏறப் போறீங்க?"

"ஆமாண்ணா. மேல டவர் கிடைக்கும் இல்ல?"

"உச்சில கிடைக்கும். நடுக்காட்டுல ஒண்ணும் கிடைக்காது. போன் சும்மா டவரத் தேடித் தேடி சார்ஜ் பூரா காலியாய்டும். ஆஃப் பண்ணி வச்சிக்கங்க."

நல்ல புத்திமதி. மணி பார்க்கக் கையில் வாட்ச் இருக்கிற தைரியத்தில் 9.50-க்கு போனை அணைத்துப் பையில் போட்டேன். சாயங்காலம் திரும்ப அதே ஆட்டோவை வரச் சொல்லி எண் வாங்கிக்கொண்டேன். முன்னால் இரண்டு குடும்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன, அவர்கள் பின்னாலேயே நானும் நடந்தேன்.

பாதை மூன்று கிலோமீட்டர் என்கிறார்கள். முதல் அரை மணி சுலபம், பிறகு கல்லும் வேரும். பாதியில் கால் மணி நேரம் நல்ல மழை. ஒரு இடத்தில் சறுக்கிப் பாறையில் கை ஊன்றினேன். வாட்ச் நேராகக் கல்லில் மோதியது. கண்ணாடியைச் சுற்றிலும் விளிம்பு தூக்கி இருப்பதால் கீறல் இல்லை, விளிம்பில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு. முரட்டு வாட்ச் வாங்கும்போது அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பதினொன்றரைக்கு ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். கீழே பொடி எழுத்தில் மணி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, துணி துவைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

உச்சியில் கால் வைத்தபோது 12.05. மழை விட்டு, ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் போவது தெரிந்தது. எலுமிச்சை சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு, போன தடவை நாங்கள் இருவரும் உட்கார்ந்த இடமாகத் தேடி உட்கார்ந்தேன். கூட வந்த குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டன. எனக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

அந்த மூன்று மணி நேரமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன். "வந்துடுங்க" என்ற ஒரே வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று காற்றில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கோபமாகச் சொன்னேன், கொஞ்சிச் சொன்னேன். கடைசியில் எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்வதென்று முடிவு செய்தேன். 2.50-க்கு போனை உயிர்ப்பித்தேன்.

டவர் வந்ததும் போன் அதிர ஆரம்பித்தது. எடுக்காத அழைப்புகள் நான்கு, எல்லாம் தேவாவுடையது. முதலாவது 11.31. கடைசி 11.52. நடுவில் 11.44-க்கு ஒரு செய்தி: "மூணு மணி தாண்டிடுச்சு மேரி, எங்க போன?"

வாட்சைப் பார்த்தேன். எனக்கு 2.51, அவருக்கு 12.21. பதினொன்றரைக்கு எனக்கும் மூன்று மணி இல்லை, அவருக்கும் மூன்று மணி இல்லை. பிறகு எது மூன்று? இரண்டு நேரத்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்புறம்தான் அவர் போன புதிதில் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. "இந்த ஊர்ல பொழுது விடியறதுல இருந்து மணி எண்றான் மேரி. காலைல ஏழு மணியப் போய் ஒரு மணின்றான். எட்டு மணின்னா ரெண்டு. நம்மாளுங்க எல்லாம் பேஜார் ஆய்ட்டோம்." அப்படியானால் காலை ஒன்பது மணி அங்கே மூன்று. அவருக்கு ஒன்பது என்றால் எனக்குப் பதினொன்றரை. நான் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த நேரம்.

அவசரத்தில் அந்த ஊர் நேரத்தைச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் நிதானமாக, எப்போதும் போலத்தான் சொன்னார். "இங்கத்த நேரம்" என்று ஒரு வார்த்தை சேர்க்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டிருந்த மனிதர், எப்போது என்று தெரியாமல், அந்த மணியிலேயே எழுந்து அந்த மணியிலேயே தூங்க ஆரம்பித்திருக்கிறார். அந்த உச்சியில் யாரும் இல்லை என்பதால் வாய்விட்டு அழுதேன்.

திரும்பக் கூப்பிட்டேன், ரிங் போகவில்லை. ஆபீஸ் மூடியிருப்பார்கள். என் சிம்மில் வெளிநாட்டுக்கு நேராகப் பேச முடியாது. குரல் பதிவு அனுப்பினேன். "யோவ், வந்துடுய்யா. கையெழுத்துப் போடாத. எனக்கு நீ வேணும்." மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்ததில் 'ங்க' போட்டுத்தான் பழகியிருந்தேன், வாயில் வந்தது இதுதான். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது.

3.10-க்கு இறங்க ஆரம்பித்து 4.30-க்கு மங்களம். ஆட்டோ 150, பஸ் 30, பஸ் 38. இரவு 7.50-க்கு வீடு. அத்தை எனக்காக தோசைக் கல்லைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் தேவா என் போனுக்குக் கூப்பிட்டான்மா. உன் போன் போகலியாம். கையெழுத்து போடட்டுமான்னு கேட்டான். போடுபா, மேரி எப்ப உன் வேலைக்குக் குறுக்க நின்னிருக்கான்னு சொன்னேன். போட்டுட்டேன்னு சொல்லிட்டு வச்சான். சரிதானேமா?"

தோசை தட்டில் விழுந்தது. ஓரம் முறுகலாக, எனக்குப் பிடிக்கிற பதத்தில் ஊற்றியிருந்தார்.

"சரிதான் அத்தை" என்றேன்.

திங்கட்கிழமை மதியம் லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது என் பதிவைக் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. பதில் ஆறு நொடி. அதில் நாலு நொடி மிஷின் சத்தம். பிறகு, "கேட்டேன் மேரி." அவ்வளவுதான்.

ஏலகிரிக்கு மொத்தம் 506 ரூபாய் ஆனது, அதில் 300 ஆட்டோவுக்கு. நாலு பேராகப் போனால் அது பங்காகிவிடும். தனியாகப் போகாதீர்கள், போவதற்கு முன் மலையேற அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் பிடிப்புள்ள ஷூ போடுங்கள். வாட்சைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதமாகக் கழற்றவில்லை. சொல்யூஷன் பட்டது, சோப்பு பட்டது, ஒரு நொடிகூடத் தப்பவில்லை. பணம் வீண் இல்லை, தாராளமாக வாங்கலாம். ஆனால் மணி சரியாகக் காட்டுகிற பொருள் கையில் இருக்கிறதென்று போனை அணைத்து வைக்காதீர்கள். வெளியூரில் இருப்பவர் நேரம் சொன்னால், எத்தனை வருடப் பழக்கமானாலும் வெட்கப்படாமல் எந்த ஊர் மணி என்று கேட்டுவிடுங்கள்.

தேவா இப்போது கூப்பிடும்போதெல்லாம் "அன்னிக்கு நான் மணிய தப்பா சொல்லிட்டேன் மேரி" என்று ஆரம்பித்துவிடுகிறார். போன வாரம் நான் அவரைப் பேசவிடவில்லை.

"நீங்க தப்பா சொல்லல. நீங்க இருக்கற ஊர்ல அது மூணு மணிதான். நான்தான் அந்த ஊர்ல இல்ல."